இடைப்பொழுதின் இழை: மதுரை வட்டாரத்தில் கைநூற்பின் வரலாறு

நூல் என்னும் சொல் தமிழில் பஞ்சிலிருந்து இழுக்கப்படும் இழையையும் குறிக்கிறது, கற்றோர் இயற்றும் ஆக்கத்தையும் குறிக்கிறது. பனுவல் என்னும் பழஞ்சொல்லும் அவ்வாறே இரு பொருளையும் தாங்கி நிற்கிறது. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி இயற்றிய நன்னூல் இந்த ஒப்புமையை உறுப்பு உறுப்பாக விரித்து, சொல்லைப் பஞ்சாகவும், புலவனை நூற்கும் பெண்ணாகவும், அவன் வாயை அவள் கையாகவும், அவன் மதியை அவள் கதிராகவும் காட்டுகிறது. கதிர் என்பது முறுக்கேறிய இழை சுற்றிக்கொள்ளும் மெல்லிய கம்பி. இலக்கணம் கற்கவந்த மாணவனுக்கு நூலாக்கத்தை விளங்கவைக்க நூற்பை உவமையாக்கலாம் என்று ஓர் ஆசிரியர் கருதினார் என்றால், அந்த மாணவன் தன் வீட்டிலோ அண்டை வீட்டிலோ நூற்கும் கையை நாள்தோறும் பார்த்து வளர்ந்தவன் என்றே கொள்ளவேண்டும். வைகைக் கரையிலும் அதற்குத் தெற்கே திருமங்கலம், டி. கல்லுப்பட்டி, அருப்புக்கோட்டை வரை விரியும் பருத்தி நிலத்திலும் அந்தக் கை எவ்வாறு வாழ்ந்தது, எவ்வாறு ஓய்ந்தது, பின்னர் எந்த வடிவங்களில் மீண்டும் அசையத் தொடங்கியது என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

மதுரைக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தொலைவில் உள்ள கீழடியில் 2015 முதல் நடந்துவரும் அகழாய்வுகளில் கிடைத்த பொருள்களுள் சுடுமண் தக்களிகள் உண்டு. தக்களி என்பது நடுவில் துளையிட்ட சிறு வட்டு. அத்துளையில் ஒரு குச்சியைச் செருகிச் சுழற்றினால் வட்டின் எடை சுழற்சியை நீடிக்கச் செய்ய, குச்சியின் நுனியில் பற்றிய பஞ்சு முறுக்கேறி இழையாகிறது. குச்சி மண்ணில் மக்கிவிட, வட்டு மட்டுமே எஞ்சும். அவற்றோடு எலும்பாலான கூர்முனைக் கருவிகளும், செப்பு ஊசியும், தறியில் நூலை இழுத்துப் பிடிக்கப் பயன்பட்டவை எனக் கருதப்படும் தொங்கல்களும் கிடைத்துள்ளமையால், பஞ்சு முதல் துணி வரையிலான பணிகள் அக்குடியிருப்பில் நடந்தன என்று தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை முடிவு செய்தது. அங்கு எடுக்கப்பட்ட கரித்துண்டு ஒன்றின் காலம் கி.மு. 580 என அறிவிக்கப்பட்டது. ஆனாலும் அந்தத் தக்களிகளில் கவனிக்கத்தக்கது பழமை மட்டுமன்று. உள்ளங்கையில் அடங்கும் அக்கருவிக்குத் தனிப் பட்டறையும் வேண்டியதில்லை, ஒதுக்கிவைத்த நேரமும் வேண்டியதில்லை. நின்றுகொண்டும் பேசிக்கொண்டும் அதைச் சுழற்றலாம், யாரேனும் அழைத்தால் கீழே வைத்துவிட்டுப் பின்னர் விட்ட இடத்திலிருந்தே தொடரலாம்.

சங்கப் பாடல்களில் நூற்பவள் பருத்திப் பெண்டு என்று அழைக்கப்படுகிறாள். புறநானூற்றின் 125ஆம் பாடல் வெந்த ஊன்துண்டின் மென்மைக்கு அவளது பஞ்சை உவமையாக்குகிறது. நற்றிணையின் 353ஆம் பாடலில் கபிலர் மலையுச்சியில் தவழும் மேகத்துக்கு, ஆண்துணையற்ற பெண்கள் தம் உழைப்பால் ஆக்கிய நுண்ணிய பனுவலை ஒப்பிடுகிறார். இவற்றினும் நெருக்கமான காட்சி தங்கால் பொற்கொல்லனார் பாடிய 326ஆம் புறப்பாடலில் உள்ளது. காட்டுப் பூனைக்கு அஞ்சி இரவில் அலறும் கோழி, பஞ்சின் செத்தையை அகற்றுவதற்காக எழுந்த பருத்திப் பெண்டின் சிறு விளக்கொளியில் சேவலைக் கண்டு அச்சம் தணிகிறது. பகலின் வேலைகள் முடிந்து ஊர் உறங்கிய பின்னும் அவள் விழித்திருக்கிறாள் என்பதும், அவளது விளக்கு சிறியது என்பதும் அத்தொழிலின் நிலையை நன்கு உணர்த்துகின்றன. தங்கால் என்பது கரிசல் பகுதியிலுள்ள இன்றைய திருத்தங்கல் என்று கருதப்படுகிறது; பாடியவரும் ஒரு கைவினைஞர். வேறொரு கைத்தொழிலாளியின் விளக்கைக் கவனிப்பதற்குப் பொற்கொல்லரின் கண் தேவைப்பட்டது போலும்.

ஆண்துணையற்ற பெண்களுக்கும் நூற்புக்கும் உள்ள இத்தொடர்பு தமிழகத்துக்கு மட்டும் உரியதன்று. கௌடில்யரின் அர்த்தசாத்திரம் நூல் மேற்பார்வையாளர் என்னும் அதிகாரியைக் குறிப்பிட்டு, கைம்பெண்கள், உடல் ஊனமுற்ற பெண்கள், முதியோர் ஆகியோரிடம் நூற்பை ஒப்படைக்கவேண்டும் என்றும், வீட்டைவிட்டு வெளிவராத பெண்களுக்குப் பணிப்பெண்கள் மூலம் பஞ்சை மரியாதையோடு அனுப்பவேண்டும் என்றும் விதிக்கிறது. சிறந்த பருத்தித் துணி கிடைக்கும் இடங்களை அந்நூல் பட்டியலிடும்போது முதலில் வரும் பெயர் தென்மதுரையையே குறிக்கிறது என்பர். சிலப்பதிகாரமும் மதுரையின் வீதிகளுள் துணி விற்கும் அறுவை வீதியைப் பாடுகிறது. வீதியில் மடித்துவைக்கப்பட்ட துணி எல்லார் கண்ணிலும் பட்டது; அதற்கு நூல் தந்த கைகள் வீடுகளுக்குள் இருந்தன.

அந்தக் கைகள் செய்த வேலையைச் சற்று நெருங்கிப் பார்க்கவேண்டும். செடியிலிருந்து எடுத்த பருத்தியில் கொட்டை ஒட்டிக்கொண்டிருக்கும். ஒன்றோடொன்று எதிராகச் சுழலும் இரு உருளைகளைக் கொண்ட மணையில் கொடுத்தால் பஞ்சு மறுபுறம் வர, கொட்டை இப்புறமே விழும். பின்னர் வில்லின் நாணைப் பஞ்சின் மீது அதிரவைத்து, சிக்கலும் தூசும் நீங்கும்வரை அடிப்பார்கள். இவ்வாறு மலர்ந்த பஞ்சை ஒரு குச்சியின் மேல் உருட்டி விரல் நீளக் குழலாக்கினால் அது பட்டை எனப்படும். ராட்டையின் முன் அமர்ந்தவர் வலக்கையால் சக்கரத்தைச் சுற்ற, கயிற்றால் பிணைக்கப்பட்ட கதிர் பன்மடங்கு வேகத்தில் சுழல்கிறது. இடக்கையில் பிடித்த பட்டையைக் கதிர்முனையிலிருந்து மெல்லப் பின்னுக்கு இழுக்க, பஞ்சு நீண்டு, நீளும்போதே முறுக்கேறி இழையாகிறது. கை எட்டும் தொலைவு முடிந்ததும் சக்கரத்தைச் சிறிது பின்னோக்கித் திருப்பி, கதிர்முனையில் சுற்றிய இழையை விடுவித்து, மீண்டும் முன்னோக்கிச் சுற்றி அதைக் கதிரின் உடலில் ஏற்றவேண்டும். இழு, திருப்பு, ஏற்று என்னும் இந்த மூன்று அசைவுகளும் ஓயாமல் தொடர்கின்றன. முறுக்கு குறைந்தால் இழை அறும், மிகுந்தால் சுருண்டுகொள்ளும், பஞ்சை விரல்கள் இறுகப் பற்றினால் நீளாது, தளர விட்டால் தடித்துவிடும். தொடக்கத்தில் நாளெல்லாம் அறுந்துகொண்டே இருக்கும் இழை, பழகப் பழக விரலின் உணர்வுக்குக் கட்டுப்பட்டு, கடைசியில் கண் பார்க்காமலேயே வந்துகொண்டிருக்கும். அந்நிலையில் மனம் விடுதலை பெறுகிறது. பேசலாம், பாடலாம், தொட்டிலை ஆட்டலாம், ஒன்றும் நினையாமல் இருக்கலாம். பின்னலூசிகளைக் கையில் பிடித்தோர் இன்று கூறும் அமைதி இதுவேயாகும். கை வேலையில் இருப்பதாலேயே மனம் ஓய்வடைகிறது.

நெசவு இதற்கு மாறானது. தறி ஒரு குடும்பத்தின் முழுநேரத் தொழில். அது வீட்டின் ஓர் அறையையே கொண்டுவிடும். நாயக்கர் காலத்தில் மதுரையில் நிலைபெற்ற சௌராட்டிரர் தறியையும் சாயத்தையும் தம் தொழிலாகக் கொண்டு, திருமலை நாயக்கர் அரண்மனையைச் சூழ்ந்த தெருக்களில் வாழ்ந்தனர். ஒரு தறி ஓடப் பல ராட்டைகள் சுழலவேண்டும் என்பதால், நகரத்துத் தறிக்கு நூல் தந்தவை பருத்தி விளையும் ஊர்களின் வீடுகளே. நூற்பு எந்த ஒரு சாதிக்கும் உரிய தொழிலாக இறுகவில்லை என்பது வரலாற்றில் முக்கியமான செய்தி. தச்சரும் கொல்லரும் நெசவாளரும் பிறப்பால் அடையாளம் பெற்ற சமுதாயத்தில், ராட்டை மட்டும் பல சாதிகளின் திண்ணைகளிலும் இருந்தது. ராட்டையைச் செய்தவரோ ஊர்த் தச்சர். கலப்பையும் வண்டியும் செய்த அதே உளியும் இழைப்புளியும் சக்கரத்தின் குடத்தையும் கதிர் தாங்கும் தூண்களையும் ஆக்கின. சக்கரம் சிறிது கோணினாலும் இழை சீராக வராது. ஆகவே நூற்பவரின் விரலுக்கு முன்னே தச்சரின் கண் வேலை செய்திருந்தது.

இந்த ஒழுங்கு 19ஆம் நூற்றாண்டில் குலைந்தது. இங்கிலாந்தின் ஆலைகளில் நூற்கப்பட்ட நூல் சந்தைக்கு வந்தபோது அது விலையில் மலிவாகவும் தடிமனில் சீராகவும் இருந்ததால், தறியில் நீளவாட்டில் இழுத்துக் கட்டப்படும் பாவுக்கு நெசவாளர் அதையே விரும்பினர். நெசவாளரைக் குறைகூற இதில் இடமில்லை. பாவு அறுந்தால் அவருக்கு அன்றைய கூலி இல்லை. 1828இல் வங்காளத்தின் சாந்திபுரத்தைச் சேர்ந்த ஒரு கைம்பெண், தாம் நூற்ற நூலை வாங்க ஆள் இல்லாமல் போனதையும், தம்மினும் ஏழைகள் சீமையில் இருப்பதால்தான் இவ்வளவு மலிவாக நூல் வருகிறதோ என்று தாம் ஐயுற்றதையும் சமாச்சார தர்ப்பணம் என்னும் இதழுக்கு எழுதினார். மதுரைச் சீமையின் நூற்பவர்களிடமிருந்து அத்தகைய கடிதம் எதுவும் அச்சேறவில்லை. ஆனால் அவர்களுக்கு நேர்ந்ததும் அதுவேயாகும். 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரால் பருத்தி விலை உயர்ந்ததும் கரிசல் நிலத்தின் பஞ்சு தூத்துக்குடி வழியாகக் கப்பலேறியது. 1875இல் மதுரைக்கு இருப்புப்பாதை வந்தது. ஹார்வி சகோதரர் நிறுவிய மதுரா மில் 1890களின் தொடக்கத்தில் மதுரை ரயில் நிலையத்தின் அருகே நூற்கத் தொடங்கியபோது, வீட்டிலிருந்து வெளியேறிய நூற்பு ஊதுகுழல் ஒலிக்கும் நேரத்துக்குக் கட்டுப்பட்ட கூலி வேலையாக நகரத்துக்கு வந்து சேர்ந்தது. அங்கே இழை அறுந்தால் ஒட்டவேண்டும் என்பது மட்டுமே கைக்கு எஞ்சிய வேலை.

ராட்டை இருந்த இடத்தில் ஊசி வந்து அமர்ந்ததையும் இங்குக் குறிப்பிடவேண்டும். 1834இல் மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷனைச் சேர்ந்தோர் பெண்களுக்கான பள்ளிகளை நடத்தினர். மிஷன் பள்ளிகளில் எழுத்தோடு தையலும் பூவேலையும் கற்பிக்கப்பட்டன. தெற்கே நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் 1820களிலேயே லேஸ் பின்னலைக் கற்பித்து அதைப் பல பெண்களின் வருவாயாக்கியிருந்தார். மதுரையின் வெயிலுக்குக் கம்பளிப் பின்னல் பொருந்தவில்லை என்றாலும், குரோஷா ஊசியால் பருத்தி நூலில் பின்னிய விரிப்புகளும் தலையணை உறையின் ஓரப் பூக்களும் வீடுகளில் நிலைத்தன. மதுரா மில் பின்னாளில் மதுரா கோட்ஸ் ஆகி, அதன் ஆங்கர் பூவேலை நூல் சிறு வண்ணக் கண்டுகளாகத் தமிழ்நாட்டுக் கடைகளெங்கும் தொங்கியது. வீட்டிலிருந்து நூலை எடுத்துச் சென்ற ஆலையே, வீட்டுப் பெண்களின் கைக்கு வேறொரு நூலைத் திருப்பி அனுப்பியது என்று கூறினால் அது மிகையாகாது.

1921 செப்டம்பர் 22 அன்று மதுரை மேலமாசி வீதியில் தாம் தங்கியிருந்த வீட்டின் மாடியில் காந்தி அரையாடைக்கு மாறினார். அவர் சென்னையிலிருந்து மதுரைக்கு வந்த ரயிலில், கதர் வாங்கத் தங்களிடம் பணமில்லை என்று எளியோர் கூறியது அம்முடிவுக்கு ஒரு காரணம். அந்த நிகழ்ச்சி ஆடையின் வரலாறாகவே பெரும்பாலும் நினைக்கப்படுகிறது. அது நூற்பின் வரலாறும் ஆகும், ஏனெனில் பணமில்லாதவர் தாமே நூற்றுக்கொள்ளலாம் என்பதே அவரது விடை. 1924 டிசம்பரில் பெல்காமில் கூடிய காங்கிரஸ், உறுப்பினர் ஒவ்வொருவரும் மாதம் 2000 கஜம் நூல் தரவேண்டும் என்று விதித்தது. அவ்விதி ஓராண்டுக்குள் தளர்த்தப்பட்டது. 1925 செப்டம்பரில் நூற்போருக்கென அகில இந்தியச் சங்கம் ஒன்று தோன்றி, அதன் தமிழ்நாட்டுக் கிளை திருப்பூரில் அமைந்தது. அளவைகளும் ஊர்தோறும் பரவின. நான்கு அடிச் சுற்றளவுள்ள சட்டத்தில் 640 சுற்று நூல் சேர்ந்தால் ஒரு சிட்டம். ஒரு பவுண்டு எடையில் 840 கஜ நீளங்கள் எத்தனை அடங்குகின்றனவோ அந்த எண்ணே நூலின் நம்பர், அதாவது நுண்மையின் அளவு.

இக்காலத்தில் ஒரே ராட்டையின் முன் இரு வகையினர் அமர்ந்தனர். வழக்கறிஞர், ஆசிரியர், மாணவர் ஆகியோர் நாளுக்கு அரைமணி நேரம் நூற்றது வேள்வி என்று பெயர் பெற்றது. அவர்களுக்கு அது பெட்டி ராட்டையை விரித்துவைத்துக் கைவேலையின் சுவையை முதன்முறையாக அறிந்த வேளை. காந்தி எரவாடா சிறையில் செம்மைப்படுத்திய அந்த ராட்டை மூடினால் சிறு பெட்டியாகும் என்பதால் ரயிலிலும் உடன் சென்றது. கிராமத்துப் பெண்களோ கூலிக்காக நூற்றனர். நாள் முழுதும் நூற்றாலும் ஓரிரு அணாவுக்கு மேல் கிடைக்காத நிலையைக் கண்ட காந்தி, 1935இல் மணிக்கு ஓரணா வீதம் எட்டு மணி வேலைக்கு எட்டணா தரவேண்டும் என்று வற்புறுத்தினார். சங்கம் கூலியை உயர்த்தியது, எனினும் அந்த அளவை எட்டவில்லை. கைநூற்பின் அடிப்படை முரண் இங்கே வெளிப்படுகிறது. ஒழிந்த வேளையில் பேச்சோடும் பாட்டோடும் செய்தபோது மகிழ்ச்சி தந்த வேலை, ஒருவரின் முழுப் பிழைப்பாகும்போது உடலை வருத்தியது; அதே வேலையை விருப்பத்தால் செய்தவர் அதில் கண்ட அமைதியை, அதையே நம்பிப் பிழைத்தவர் கண்டிருப்பார் என்று எளிதில் சொல்லிவிட முடியாது.

இந்த முரணை ஆழ்ந்து சிந்தித்தவர் ஜே.சி. குமரப்பா. 1892இல் தஞ்சாவூரில் பிறந்து, 1934 முதல் வார்தாவில் கிராமத் தொழில் சங்கத்தை நடத்திய அவர், தம் இறுதி ஆண்டுகளை மதுரை மாவட்டத்து டி. கல்லுப்பட்டியில், 1940இல் நிறுவப்பட்ட காந்தி நிகேதன் ஆசிரமத்தில் கழித்து 1960 ஜனவரி 30 அன்று மறைந்தார். எல்லா வேலையிலும் வருத்தும் கூறும் மகிழ்விக்கும் கூறும் பிணைந்தே உள்ளன, மகிழ்வை ஒருவரும் வருத்தத்தை மற்றொருவரும் கொள்ளுமாறு அவற்றைப் பிரிப்பதே தீங்கு என்பது அவர் சிறையில் எழுதி 1945இல் வெளிவந்த நிலைத்த பொருளாதாரம் பற்றிய நூலின் சாரங்களுள் ஒன்று. மதுரை வட்டாரத்து ராட்டையின் வரலாற்றை விளக்க இதனினும் பொருத்தமான கருத்து கிடைப்பது அரிது.

பள்ளிப் பாடத்தின் அடிப்படையாகக் கைவேலை நுழைந்தது 1937 அக்டோபரில் வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டுக்குப் பின்னரே. ஜாகிர் உசேன் தலைமையிலான குழு, நூற்பும் நெசவும், தச்சு, வேளாண்மை முதலியவற்றுள் ஒன்றை அடிப்படையாகக் கொண்டு மற்றப் பாடங்களை இணைக்கவேண்டும் என்றும், கைத்தொழிலுக்கு நாளுக்கு 3 மணி 20 நிமிடம் ஒதுக்கவேண்டும் என்றும் திட்டம் வகுத்தது. இவ்வகைப் பள்ளி தமிழில் ஆதாரப் பள்ளி எனப்பட்டது. 1947இல் மருத்துவர் டி.எஸ். சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும், அன்று மதுரை மாவட்டத்துக்கு உட்பட்டிருந்த திண்டுக்கல் பகுதியில் நிறுவிய காந்திகிராமம் இக்கல்விக்கு ஒரு நாற்றங்கால் ஆயிற்று. பித்தளை வட்டும் எஃகுக் கம்பியும் கொண்ட தக்களி பல பள்ளிக் குழந்தைகளின் பைக்குள் புகுந்தது. கீழடியின் சுடுமண் வட்டுக்கும் இதற்கும் பொருளில் மட்டுமே வேறுபாடு, இயங்கும் முறை ஒன்றே. கணிதத்தைச் சிட்டத்தின் சுற்றிலும், இயற்பியலைத் தக்களியின் சுழற்சியிலும் காணும் வாய்ப்பு அக்கல்வியில் இருந்தது. ஆயினும் ஈடுபாடுள்ள ஆசிரியர் இல்லாத இடங்களில் அது மதிப்பெண்ணுக்கான கடமையாகச் சுருங்கியது.

அதனினும் பெரிய காயம் 1953இல் நேர்ந்தது. முதலமைச்சர் ராஜாஜி கிராமத் தொடக்கப் பள்ளிகளின் வேலைநேரத்தை மூன்று மணியாகக் குறைத்து, எஞ்சிய பொழுதில் குழந்தைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கவேண்டும் என்று கொண்டுவந்த திட்டத்தைப் பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் குலக்கல்வி என்று கூறி எதிர்த்தனர். 1954இல் காமராசர் பொறுப்பேற்றதும் அது கைவிடப்பட்டது. எதிர்ப்பு முற்றிலும் நியாயமானது. தச்சரின் மகனுக்கு இழைப்புளி ஒரு புதிய இன்பமன்று. அவன் தப்பிச் செல்ல விரும்பிய வேலியின் ஒரு கழி. கைவேலையை விருப்பத்தால் எடுப்பவருக்கும், பிறப்பால் அதில் கட்டப்பட்டவருக்கும் உள்ள இடைவெளியைக் கருதாமல் அதன் சிறப்பைப் பேசுவது உண்மைக்குப் பொருந்தாது. ஆனால் அந்தப் போராட்டத்தின் பின்விளைவாக, எல்லாக் குழந்தைகளுக்கும் பொதுவாக இருந்திருக்கக்கூடிய உளியும் தக்களியும் கூட ஐயத்தோடு பார்க்கப்பட்டன என்பது வருந்தத்தக்கது.

அதே காலத்தில் ராட்டையே உருமாறியது. தமிழ்நாட்டைச் சேர்ந்த ஏகாம்பரநாதன் உருவாக்கிய, அவர் பெயராலேயே அம்பர் என்று வழங்கும் சர்க்கா, ஆலைப் பொறியின் முறையைச் சிறிய அளவில் கையால் சுற்றத்தக்கதாக்கிப் பல கதிர்களில் ஒரே நேரத்தில் நூற்றது. கூலி உயர்ந்தது, வருமானம் தேடிய பெண்களுக்கு அது பேருதவி. அதே சமயம் இழையை இழுத்து உணரும் இடக்கை அங்கே தேவையற்றதாயிற்று. அம்பர் கூடத்துக்குச் செல்வது வேலைக்குச் செல்வதாயிற்று, திண்ணையில் அமர்வதன்று. 1959 ஏப்ரல் 15 அன்று ராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனையில் நேரு திறந்துவைத்த காந்தி நினைவு அருங்காட்சியகத்துக்கு வரும் பள்ளிக் குழந்தைகளுள் பலருக்கு ராட்டை ஒரு படமாகவும் சின்னமாகவும் மட்டுமே தெரியும்.

இடைப்பொழுதின் கைவேலை மதுரையில் வேறு வடிவங்களில் தொடர்ந்தது. சௌராட்டிரப் பெண்கள் வீட்டிலிருந்தபடியே துணியின் சிறு புள்ளிகளை நகநுனியால் கிள்ளி நூலால் இறுக்கிக் கட்ட, சாயத்தில் தோய்த்துப் பிரித்தபின் கட்டிய இடங்கள் வெண்புள்ளிகளாக மலரும் சுங்குடிச் சேலை 2005இல் புவிசார் குறியீடு பெற்றது. ஒரு சேலைக்குப் பல ஆயிரம் முடிச்சுகள் வேண்டும், கூலியோ குறைவு, அதனால் அச்சிட்ட சுங்குடியே இன்று கடைகளில் மிகுதி. முடிச்சிட்ட சேலையைத் தொட்டால் துணியின் மேடுபள்ளம் விரலில் படும், அச்சிட்டதில் படாது. 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிளாஸ்டிக் வயர் மலிவாகக் கிடைத்தபோது, எந்தத் துறையும் திட்டமும் கற்பிக்காமலேயே வயர்க் கூடை பின்னுவது தமிழ்நாட்டு வீடுகளில் பரவியது. அண்டை வீட்டு அக்காவிடம் கற்று, சிவன் கண், நெல்லிக்காய், பிஸ்கட் என்று முடிச்சுகளுக்குப் பெயரிட்டு, தவறிய வரிசையைப் பிரித்து மீண்டும் பின்னி, முடிந்த கூடையைச் சந்தைக்கும் கோயிலுக்கும் எடுத்துச் சென்றனர். மதிய வேளையில், சமையல் முடிந்து பள்ளி விடுவதற்கு முன் கிடைக்கும் அந்த இரண்டு மணி நேரத்தில், வாசற்படியில் காலை நீட்டி அமர்ந்து, எதிர்வீட்டோடு பேசிக்கொண்டே அவை பின்னப்படுகின்றன.